மழைக்கும் வெயிலுக்கும் சம்பளம் கொடுப்பது யார்?

மழை பெய்தால் உழவன் முகம் மலரும் என்பார்கள். தோட்டத்தில் அப்படியா இருக்கிறது? விடியற்காலை நான்கரை மணிக்குத் தகரக் கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டால், "போச்சு, இன்னிக்கும் வெட்டு இல்லே" என்பதுதான் வீட்டில் எழும் முதல் பேச்சு.

தொழிலாளத் தோழர்களே! மழையையும் வெயிலையும் நாம் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பருவம் ஒரு கணக்கோடுதான் வருகிறது. அந்தக் கணக்கு தெரிந்தால்தான் நம் சம்பளக் கணக்கையும் சரிபார்த்துக் கேட்க முடியும்.

முதலில் பால்மரத்தைப் பார்ப்போம். மரத்துக்குள் நீரழுத்தம் விடியலில்தான் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் ஆவியாகி, அழுத்தம் குறைந்து, பால் ஓட்டமும் குறையும். அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு நிரைக்குப் போகிறோம். மேற்குக் கரைத் தோட்டங்களுக்கு இங்கேதான் வினை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' என்ற சூறைக்காற்று மலாக்கா நீரிணையில் இரவில் கிளம்பி, விடியும் முன்னே மழையோடு கரை ஏறும். சரியாக நம் வெட்டு நேரம்! பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழியும். மங்கில் மழைத் தண்ணீர் நிற்கும். ஈரப் பட்டையில் வெட்டினால் பூஞ்சணம் பிடித்து வெட்டுவாய் கறுத்து அழுகும். ஆகவே வெட்டை நிறுத்துவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றைய கூலி என்ன ஆவது என்பதுதான் நம் கேள்வி.

மழை ஓய்ந்தாலும் விட்டுவிடுவதில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலையுதிர் காலம். மரம் புதுத் தளிர் விடும்போது பால் சுண்டிப் போகும். கிளந்தான், திரங்கானு, பகாங் பக்கம் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை கொட்டும். அது ஓயும்போதே இலையுதிர்வு தொடங்கிவிடும். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை அதிகம். தீபாவளிச் செலவு வருவதும் அப்போதுதான். கடைக்காரரின் கடன் நோட்டு ஏன் அந்த மாதங்களில் தடிக்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"செம்பனைக்கு மாறியாச்சு, இனி மழைக்குப் பயமில்லே" என்று பலர் நினைத்தார்கள். குலை வெட்டுக்கு மழை அவ்வளவு தடையில்லைதான். ஆனால் செம்பனை, பட்ட அடியைக் காலங்கடந்து காட்டும் மரம். விரியும் பாளை ஆணா பெண்ணா என்பது, அந்தக் குலை பழுப்பதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கடும் வறட்சி வந்தால் ஆண் பாளை மிகும். பெண் பாளைகளும் பல வளராமல் கருகிவிடும். இந்த ஆண்டு வெயில் கொளுத்தினால், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் குலை குறையும்.

இதற்கு நம் கண் முன்னே நடந்த சான்று இருக்கிறது. 2015, 2016 ஆண்டுகளில் 'எல் நினோ' வந்தது. பசிபிக் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீர் கிழக்கே நகர, மழை மேகமும் அதன் பின்னே போய்விட, நம் பக்கம் வறண்டது. 2015இல் ஏறக்குறைய 200 லட்சம் டன்னாக இருந்த மலேசியாவின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி, 2016இல் சுமார் 173 லட்சம் டன்னாக இறங்கியது. சரக்கு குறைந்ததும் விலை ஏறியது. ஆண்டுச் சராசரி டன்னுக்குச் சுமார் 2,150 வெள்ளியிலிருந்து 2,650 வெள்ளிக்குப் போனது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். விளைச்சல் குறைந்த நட்டத்தில் ஒரு பகுதியை விலையேற்றம் முதலாளிக்கு ஈடுகட்டியது. எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கு? ஒப்பந்தப்படி விலைக்கேற்ற படி கொஞ்சம் கிடைத்தாலும், மரத்தில் இல்லாத குலையை யார் வெட்டுவது? அதே காடுதான், அதே நடைதான், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிப்பதும் அதேதான். எடை மட்டும் குறைவு.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அது அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் வந்தது. கிலோவுக்கும் டன்னுக்கும் கூலி வாங்குகிறவர்களின் மாதச் சம்பளமும் இதற்குக் கீழே போகக்கூடாது என்று அந்த ஆணையே சொல்கிறது. மழை மாதத்துக்கு வேறு கணக்கு என்று அதில் எழுதியிருக்கவில்லை.

ஆகவே ஒரு நாலணா நோட்டுப் புத்தகம் போதும். பிரட்டுக்குப் போன நாள், மழையால் வெட்டு நின்ற நாள், எடுத்த பால், வெட்டிய குலை ஆகியவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். கணக்கு இடித்தால் முதலில் கிராணியாரிடம் கேளுங்கள். அங்கே பதில் இல்லையென்றால் சங்கக் கிளைக்கும், பிறகு தொழிலாளர் இலாகாவுக்கும் அந்த நோட்டோடு போங்கள்.

"மழை பெஞ்சா நாங்க என்னப்பா செய்ய முடியும்?" என்று யாராவது சொன்னால், மழையை நிறுத்தச் சொல்லி நாங்கள் வரவில்லை, சம்பளச் சீட்டைத்தான் காட்ட வந்தோம் என்று சொல்லுங்கள்.