பாய் நாங்களே கொண்டுவருவோம்

அட்டாளைச்சேனையில் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டு முற்றம். சுற்றிவர மதில், நடுவில் ஒரு மாமரம், மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் சத்தம். சனிக்கிழமை காலையில் அங்கே பதினொரு பேர் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தோம். யோகாவுக்கென்று கடையில் விற்கிற பாய் யாரிட்டயும் இல்லை. வீட்டில் கிடந்த பன்பாய்தான். ஒலுவில் கம்பஸில் கலைப் பீடத்தில் படிக்கிற நாங்கள் நாலு பேர், மற்றதெல்லாம் எங்கட உம்மாமார், மாமிமார், ஒரு மூத்தம்மா.

சொல்லித் தந்தது பக்கத்துத் தமிழ் ஊரில் இருந்து வந்த ஒரு அக்கா. முதல் நாள் அவ கேட்டது ஒன்றே ஒன்று: "யாருக்கு எங்க நோகுது?" கேட்டதுதான் தாமதம், இடுப்பு, முழங்கால், தோள்மூட்டு என்று அந்த முற்றத்தில் ஒரு கிளினிக்கே திறந்துவிட்டது. மந்திரம் இல்லை, தலைகீழாக நிற்பதும் இல்லை. மூச்சை இழுத்து மெதுவாக விடுவது, மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருவது, மதிலைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்துவது. "நோகிறதுக்கு முதல் நிப்பாட்டுங்க" என்று அடிக்கடி சொல்லுவா. இதெல்லாம் ஒரு எக்ஸசைஸா என்று நாங்கள் நாலு பேரும் சிரித்தோம். அடுத்த நாள் விரிவுரை மண்டபத்துப் படியில் ஏறும்போது தொடை பதில் சொன்னது.

ஆறு சனிக்கிழமை நடந்தது. ஏழாவது சனிக்கிழமை வகுப்பு இல்லை. யாரோ ஒரு வட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு போட்டிருந்தார், "நம்மட பொம்புளையள் யோகா செய்யுதுகளாம்" என்று. வீட்டுக்காரர் பயந்துவிட்டார். அவரில் பிழை சொல்ல மாட்டோம், அவர் ஊரோடுதான் வாழ வேணும்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்தக் குரல் பதிவில் "மலேசியாவிலேயே தடை" என்று ஒரு வசனம் வந்தது, அதைத் தேடி வாசித்தோம். 2008 நவம்பரில் மலேசியாவின் தேசிய ஃபத்வா பேரவை கூடாது என்றது உண்மைதான். அது எதை என்றால், உடல் அசைவும் வழிபாட்டு அம்சமும் மந்திரமும் ஒன்றாகச் சேர்ந்த யோகாவை. சில நாட்களிலேயே அன்றைய பிரதமர் அப்துல்லா அஹ்மத் படாவி, மந்திரம் இல்லாமல் உடற்பயிற்சியாகச் செய்யலாம் என்று விளக்கம் கொடுத்தார். 2009 ஜனவரியில் இந்தோனேசிய உலமா பேரவையும் கிட்டத்தட்ட அதே கோட்டைத்தான் கிழித்தது. சவூதி அரேபியா 2017 நவம்பரில் யோகாவை விளையாட்டு நடவடிக்கையாக ஏற்றுக்கொண்டது. அதற்காகப் பல வருடம் பாடுபட்டவர் நௌஃப் மர்வாய் என்ற பெண். மறுபக்கமும் இருக்கு: 2022 ஜூன் 21, சர்வதேச யோகா தினத்தில், மாலைதீவுத் தலைநகர் மாலேயில் மைதானத்துக்குள் கூட்டம் புகுந்து நிகழ்ச்சியைக் குழப்பியது. ஆக, முஸ்லிம் நாடுகளே ஒரே பதில் சொல்லவில்லை. ஒரு குரல் பதிவில் முடிகிற விஷயமில்லை இது.

சூரிய நமஸ்காரம் என்று பெயர் உள்ள ஒன்றைச் செய்ய உம்மாமார் தயங்கினால் அந்தத் தயக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். அக்காவும் அதன் பக்கமே போகவில்லை.

"ஸ்ட்ரெச்சிங் என்று பேரை மாத்துங்கடி, பிரச்சினை முடிஞ்சுது" என்று ஒரு கூட்டாளி சொன்னாள். மாற்றலாம்தான். ஆனால் அக்காவிடம் படித்துவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்பதை மறைப்பது எங்களுக்கு என்னவோ போல இருந்தது. மாற்றினாலும் இடம் கிடைக்குமா? ஆம்பிளைகளுக்குக் கடற்கரை இருக்கு, மைதானம் இருக்கு, ஜிம் இருக்கு. ஜிம்மில் செய்கிற ஒவ்வொரு அசைவும் எந்த நாட்டில் இருந்து வந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. சுபஹுக்குப் பிறகு எங்கட உம்மாமார் றோட்டில் நடக்கப் போனால் மோட்டார் சைக்கிள் ஒன்று வேகத்தைக் குறைத்து யாரென்று பார்த்துவிட்டுத்தான் போகும். சீனி வருத்தம், பிரசர் என்று கிளினிக்கில் கொப்பியைக் கொடுத்து, "நடக்க வேணும், உடம்பை அசைக்க வேணும்" என்றும் சொல்லி அனுப்புகிறார்கள். எங்கே என்று சொல்வதில்லை.

எங்களில் ஒருத்தியின் உம்மா மூன்று வருடமாகக் கதிரையில் இருந்துதான் தொழுகிறா. ஆறாவது சனிக்கிழமை அவ யாருடைய கையையும் பிடிக்காமல் பாயில் இருந்து எழும்பினா. அற்புதம் ஒன்றும் இல்லை, ஒரு கையை நிலத்தில் ஊன்றி, மெதுவாக, பக்கவாட்டில் திரும்பி. அக்கா அதைத்தான் ஆறு கிழமையாகப் பழக்கினா. இன்னும் கதிரையில்தான் தொழுகிறா. நெற்றியை நிலத்தில் வைக்கிற அளவுக்கு முழங்கால் மடங்குமா என்று தெரியாது, இன்னும் கொஞ்சக் காலம் பழகிப் பார்க்க வேணும் என்று மட்டும் சொல்றா.

சனிக்கிழமை காலையில் ஊரில் பாடசாலை மண்டபங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஒன்றின் திறப்பை ஒரு மணித்தியாலத்துக்குத் தந்தால் போதும். கூட்டித் துடைத்து, எட்டு மணிக்கு முதல் பூட்டித் திருப்பித் தருவோம். பாய் நாங்களே கொண்டுவருவோம்.