கண்ணுக்குத் தெரியாத கீறல்

மாடியில் சோலார் தகடு பொருத்த வந்த பையன், அதன் மேலேயே ஏறி நின்று ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தான்.

''தம்பி, இறங்குப்பா!''

''ஒண்ணும் ஆகாது சார், கண்ணாடி ஸ்ட்ராங்!''

கண்ணாடி சரி. உள்ளே இருக்கும் சிலிக்கான் செல்லின் கனம் சுமார் 0.15 மில்லிமீட்டர், இரண்டு தலைமுடி. (என்னிடம் அளந்து பார்க்க மிச்சமில்லை.) அதில் விழும் கீறல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஃபாக்டரியில் இருட்டில் வைத்து, செல்லுக்குள் மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். மின்சாரம் தரவேண்டியது, வாங்கிக்கொண்டு அகச்சிவப்பில் மினுங்கும். அதற்கென்று உள்ள காமிராவில் பார்த்தால் கீறல் மட்டும் கறுப்புக் கோடு. அந்த செல்லைக் கழித்துவிட்டு, எந்த மெஷின் கீறியது என்று தேடிப் போகிறார்கள்.

இத்தனை பரீட்சையும் பாஸ் செய்து வந்ததன் மேல்தான் இவன் எழுபது கிலோ. காரண்டி கார்டைப் பார்த்தேன். 25 வருஷம், மேலே ஏறி மிதித்தால் செல்லாதாம். படித்துக் காட்டினேன்.

''சரி சார்'' என்று இறங்கினான், பக்கத்துத் தகட்டின் மேல்.