கூடமும் கோணல்தான்!

கல்யாணச் சாப்பாடு முடித்து வருகிறவரிடம் "பாயசம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா இருந்தது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். "சாம்பார் எப்படி?" என்று கேளுங்கள். அதில் உப்பு கூடிப் போயிருந்தால் அரை மணி நேரம் பேசுவார்!

கால்பந்து ரசிகர்களும் அப்படித்தான். இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் ரசிகர்களிடம் "உங்கள் கிளப்பில் சிறந்த ஆட்டக்காரர் யார்?" என்று கேட்டால், பெஸ்ட், கான்டோனா, ரொனால்டோ என்று நாலு பேரைச் சொல்லி முடித்துவிடுவார்கள். "உங்களை ரொம்ப ஏமாற்றியவர் யார்?" என்று கேளுங்கள். வந்த பஸ்சைக்கூட விட்டுவிட்டுப் பேசுவார்கள். அப்பாவுக்கு ஒரு பட்டியல், மகனுக்கு ஒரு பட்டியல், பேரனுக்கு ஒரு பட்டியல்!

அந்தப் பட்டியலை நாமும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமே. சிரிக்கவும் விஷயம் இருக்கிறது. சிந்திக்கவும் விஷயம் இருக்கிறது.

30 ஆட்டம்... கோல் எங்கே?

அப்பா தலைமுறையின் பட்டியலில் முதல் பெயர் கேரி பர்ட்டில்ஸ். தரைவிரிப்பு போடும் வேலை பார்த்தவர். 2 ஆயிரம் பவுண்டுக்கு நாட்டிங்காம் பாரஸ்ட் கிளப் அவரைப் பிடித்துப் போட்டது. 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்தக் கிளப் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது இறுதி ஆட்டத்தில் இருந்தவர். சாமானிய ஆள் இல்லை!

1980 அக்டோபரில் 12½ லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது யுனைடெட். அப்புறம் நடந்ததுதான் கூத்து. லீக் ஆட்டத்தில் முதல் கோல் போட அவருக்கு ஏறக்குறைய 30 ஆட்டங்கள் பிடித்தன. ஆண்டே ஒன்று ஓடிப் போச்சு!

அந்தச் சமயத்தில்தான் ஈரானில் 444 நாள் சிறைப்பட்டிருந்த அமெரிக்கப் பிணைக்கைதிகள் விடுதலையானார்கள். விமானத்தை விட்டு இறங்கியதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பர்ட்டில்ஸ் கோல் போட்டாச்சா?" என்பதுதானாம்! ரசிகர்கள் கட்டிவிட்ட கதை இது. பாவம், மனுஷன் எப்படி வெளியே தலைகாட்டியிருப்பார்?

1982-ல் வாங்கிய விலையில் கால் பங்குக்கும் குறைவாகப் பழைய கிளப்புக்கே விற்றுவிட்டார்கள். ஆனால் ஒன்றை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. போவதற்கு முந்தைய சீசனில் அவர் போட்ட லீக் கோல்கள் 11!

காலிடுக்கில் போன பந்து

அடுத்த தலைமுறையின் பட்டியலில் மாசிமோ தாய்பி. இத்தாலிக்காரர். கோல்கீப்பர். 1999-ல் புகழ்பெற்ற கீப்பர் ஷ்மைக்கேல் விலகிப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வந்த பாஸ்னிச்சுக்குக் காயம். ஆள் இல்லையே என்று அவசர அவசரமாக 45 லட்சம் பவுண்டு கொடுத்துத் தாய்பியைக் கொண்டு வந்தார்கள்.

முதல் ஆட்டம் ஜென்ம விரோதியான லிவர்பூலோடு. யுனைடெட் 3-2 என்று ஜெயித்தது. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் பரிசும் தாய்பிக்குத்தான். "பலே!" என்றார்கள். இரண்டு வாரம் கழித்து சவுதாம்ப்டனோடு ஆட்டம். லெ டிசியே உதைத்த பந்து உருண்டு உருண்டு வந்தது. பள்ளிக்கூடப் பையன்கூடப் பிடித்துவிடுவான். தாய்பி குனிந்தார். பந்து அவர் காலிடுக்கில் புகுந்து கோலுக்குள் போய்விட்டது! அதற்கு அடுத்த ஆட்டத்தில் செல்சியிடம் 5-0 என்று உதை.

நாலே நாலு ஆட்டம். 11 கோல். மூட்டை கட்டிவிட்டார்கள்.

அதே தாய்பி இத்தாலிக்குத் திரும்பி ரெஜினா அணிக்கு ஆடினார். 2001 ஏப்ரலில் உடினேசே அணியோடு நடந்த ஆட்டத்தில், தோற்கிற நேரத்தில் கோல்கீப்பரான அவரே முன்னால் ஓடிப் போய்த் தலையால் முட்டி கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். மான்செஸ்டரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? காலிடுக்கில் போன பந்துதான் எல்லோருக்கும் தெரியும்!

பார்க்காமலே வாங்கிய சரக்கு

இன்னொரு பெயர் பேபே. போர்ச்சுகல் நாட்டுப் பையன். ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தில் வளர்ந்தவர். விட்டோரியா என்ற கிளப் அவரைக் காசு கொடுக்காமலே சேர்த்துக்கொண்டது. சில வாரம்தான். 2010 ஆகஸ்டில் யுனைடெட் அவரை 74 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. வாங்கிய மேனேஜர் சர் அலெக்ஸ் பெர்குசன், பையன் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்!

நாம் கத்தரிக்காய் வாங்கினால்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறோம். 74 லட்சம் பவுண்டு சரக்கைப் பார்க்காமலே வாங்கினால்? பேபே ஆடியது மொத்தம் 7 ஆட்டம். கேலி மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. ஆனால் கேலி யார் மேல் விழுந்தது? பார்க்காமல் வாங்கியவர் மேலா? இல்லை. வேலை கிடைத்ததே என்று வந்த பையன் மேல்! அந்தப் பையன்தான் 2024 ஜனவரியில், 33 வயதில், கேப் வெர்டே நாட்டுக்காக ஆப்பிரிக்கக் கோப்பையில் வெகு தூரத்திலிருந்து உதைத்து ஒரு கோல் போட்டார். உலகமே வாய் பிளந்து பார்த்தது.

இங்கே செல்லாக்காசு... அங்கே தங்கம்!

உருகுவே நாட்டு டியகோ போர்லான் கதை இன்னும் வேடிக்கை. 2002 ஜனவரியில் வந்தார். முதல் கோல் போட 27 ஆட்டம், எட்டு மாதம். அதுவும் பெனால்டி! "வேஸ்ட்" என்று முத்திரை குத்தினார்கள். அதே டிசம்பரில் லிவர்பூல் மைதானத்திலேயே இரண்டு கோல் போட்டதும், திட்டிய வாயெல்லாம் அவர் பேரில் பாட்டு கட்டிப் பாடியது. 2004-ல் ஸ்பெயினுக்குப் போனார். அங்கே இரண்டு சீசன்களில் லீக்கிலேயே அதிக கோல் போட்டவர் அவர்தான். 2010 உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து யாருக்கு? இந்தப் போர்லானுக்குத்தான்!

வெரோனும் அப்படித்தான். 2001-ல் 2 கோடியே 81 லட்சம் பவுண்டு. அன்றைக்கு பிரிட்டனிலேயே அது சாதனை விலை. நடு ஆட்டத்தில் ராய் கீனும் ஸ்கோல்சும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். இவரை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமலே இரண்டு வருஷம் ஓடியது. ஏறக்குறைய பாதி விலைக்கு விற்றார்கள். பிற்பாடு தென் அமெரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் என்று 2008, 2009 இரண்டு ஆண்டும் தேர்வானவர் அவர்.

டி மரியா? 2014-ல் 5 கோடியே 97 லட்சம் பவுண்டு. மறுபடியும் பிரிட்டன் சாதனை விலை! ஒரு வாரம் இடது பக்கம், ஒரு வாரம் நடுவில், இன்னொரு வாரம் முன்வரிசை என்று பந்தாடினார்கள். 2015 ஜனவரி இறுதியில், குடும்பத்தோடு வீட்டில் இருக்கும்போதே திருடர்கள் உள்ளே நுழையப் பார்த்தார்கள். மனைவி, குழந்தையோடு பயந்து நடுங்கும் மனுஷனிடம் "ஏன் ஓடவில்லை?" என்று கேட்டால் எப்படி? ஒரே வருஷத்தில் போய்விட்டார். 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்குக் கோல் போட்டு, உலக சாம்பியன் ஆனார்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. சரிதான். ஆனால் ஒருத்தர் ஆடினால் கோணல், இரண்டாமவர் ஆடினாலும் கோணல், மூன்றாமவரும் அப்படியே என்றால்? அதே ஆட்கள் வேறு கூடத்தில் வெளுத்து வாங்குகிறார்கள் என்றால்? ஒரு தடவையாவது கூடத்தை அளந்து பார்க்க வேண்டாமா?

யார் தலையில் விடிகிறது?

பெர்குசன் 2013-ல் ஓய்வு பெற்றார். அதற்கு அடுத்த 12 சீசனிலும் லீக் பட்டம் இல்லை. மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் உயரமான ஆளைக் கேட்டார். அடுத்தவர் வேகமான ஆளைக் கேட்டார். முன்னவர் வாங்கியது பின்னவருக்கு ஆகாது. யாரை வாங்குவது, எதற்கு வாங்குவது என்று பார்க்க ஒரு கால்பந்து இயக்குநரை நியமிக்கவே 2021 வரை ஆனது!

அந்த 2021-ல் சாஞ்சோவை 7 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். 2022-ல் அன்டோனி, 8 கோடிக்கு மேல். இரண்டு பேரும் சோபிக்கவில்லை. சாஞ்சோவுக்கும் மேனேஜருக்கும் பகிரங்கச் சண்டை. ஜெர்மனிக்கு இரவலாக அனுப்பினார்கள். அங்கே போன ஐந்தாம் மாதம் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் நின்றார்! அன்டோனியை 2025 ஜனவரியில் ஸ்பெயினுக்கு இரவல் கொடுத்தார்கள். அவரும் அங்கே ஜொலித்து, தன் அணியோடு ஓர் ஐரோப்பிய இறுதி ஆட்டம் வரை போனார்.

சரி, இந்தத் தவறான வியாபாரத்துக்கு யார் விலை கொடுத்தது? இங்கேதான் வயிறு எரிகிறது.

2024-ல் கிளப்பில் 250 பேர் வேலைக்குக் கத்தி. 2025-ல் மேலும் 150 முதல் 200 பேர் என்று அறிவிப்பு. ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுத்து வந்த மதியச் சாப்பாடும் கட்! பழம் சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். சீசன் பாதியில், மிச்சமிருந்த டிக்கெட்டுகளுக்கு 66 பவுண்டு விலை வைத்தார்கள். சிறுவர், முதியவர் யாருக்கும் சலுகை கிடையாது.

பங்குதாரர் ராட்கிளிப் 2025 மார்ச்சில் ஓர் உண்மையைச் சொன்னார். எப்போதோ வாங்கிய அன்டோனி, சாஞ்சோ முதலிய ஐந்து பேருக்கு இன்னமும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம் என்றார். சாஞ்சோவுக்கு மட்டும் அந்தக் கோடையில் 1 கோடியே 70 லட்சம் பவுண்டு! சாஞ்சோ ஆடிக்கொண்டிருந்ததோ செல்சியில்! மாடு செத்துப் போன பிறகும் மாட்டுக் கடன் கட்டுகிற கதை.

சொன்னவரும் லேசுப்பட்டவர் இல்லை. 2024 ஜூலையில் மேனேஜர் டென் ஹாக்குக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிதாக வந்த விளையாட்டு இயக்குநரும் ஐந்தே மாதத்தில் அவுட். இந்த மாற்றங்களுக்கு ஆன செலவு 1 கோடியே 45 லட்சம் பவுண்டு. எத்தனை பேரின் மதியச் சாப்பாடு இது? கணக்குப் பார்க்கத் தெரிந்த குமாஸ்தா அண்ணன்மார்களே, நீங்களே சொல்லுங்கள்!

திட்டலாம்... ஆனால்?

ரசிகர்கள் திட்டக்கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். வாரம் முழுவதும் உழைத்து, மழையில் நனைந்து, காசு கொடுத்து வருகிறவர்கள். முனக அவர்களுக்கு முழு உரிமை உண்டு. கேலி பேசிச் சிரிப்பதும் ஒரு மருந்துதான். அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டாம்.

ஆனால் கேலிக்கும் ஒரு எல்லை வேண்டும். 2021 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து பெனால்டியில் தோற்றது. உதை தவறிய ராஷ்போர்ட், சாஞ்சோ, சாகா மூவரையும் நிறத்தைச் சொல்லித் திட்டித் தீர்த்தார்கள். மான்செஸ்டரில் விதிங்டன் பகுதிச் சுவரில் இருந்த ராஷ்போர்ட் படத்தின் மேல் அசிங்கமாகக் கிறுக்கினார்கள். மறுநாள் அந்த ஊர் மக்களே திரண்டு வந்தார்கள். குழந்தைகள் கைப்பட எழுதிய சீட்டுகளாலும் இதயப் படங்களாலும் அந்தக் கிறுக்கலை மூடி மறைத்தார்கள். ரசிகன் என்றால் அவர்கள் அல்லவா ரசிகர்கள்!

ஆகவே மான்செஸ்டர் நண்பர்களுக்கு ஒரு யோசனை. பட்டியல் போடுங்கள். பர்ட்டில்சை எழுதுங்கள், தாய்பியை எழுதுங்கள், அன்டோனியையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள். "வாங்கியது யார்?", "எதற்காக வாங்கினார்?" என்று எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் உண்மை தானாக வெளியே வரும்.

ஆட்டக்காரன் தோற்றால் பந்து காலிடுக்கில் போவதை ஊரே பார்க்கிறது. கோட்டு போட்டு நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் தோற்றால் யாரும் பார்ப்பதில்லை. சாப்பாடு நின்றுபோன ஊழியருக்குத்தான் அது தெரிகிறது!

ஆடுகிறவரைத் திட்டுவதற்கு முன்னால், கூடத்தையும் கொஞ்சம் பாருங்கள். கூடமும் கோணல்தான்!