ஹன்னிபாலின் ஊர் அது இல்லை!

கார்த்தேஜ் போய் வந்தவர்களின் ஆல்பத்தில் ஒரு படம் தவறாமல் இருக்கும். பின்னால் நீலக்கடல், உயரமாய் ஒரு தூண், பக்கத்தில் கூலிங் கிளாஸோடு பயணி. கீழே "ஹன்னிபாலின் நகரில்..." என்று ஒரு வரி. அந்தத் தூண் நிற்கும் இடம் அந்தோனைன் குளியல் மண்டபம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியர்கள் கட்டியது. அதாவது ஹன்னிபால் செத்து 300 வருடத்துக்கும் மேல் ஆன பிறகு, அவனுடைய எதிரிகளின் வாரிசுகள் வெந்நீரில் குளிக்கக் கட்டிய இடம்!

தப்பு படத்தில் இல்லை, பயணத் திட்டத்தில். துனிசியாவுக்கு "ரோமானிய, பியூனிக் சிதைவுகள்" பார்க்கப் போகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும். முதல் நாள் காலை கார்த்தேஜ், மதியம் சிதி பூ சைத் என்ற நீலக்கதவு ஊர், மறுநாள் எல் ஜெம் அரங்கம், அதற்கடுத்த நாள் டூக்கா, மிச்சத்துக்குக் கடற்கரை. ரோம் முழுசாக இருக்கிறது. பியூனிக்? தலைப்பில் மட்டும்.

பியூனிக் என்பது கார்த்தேஜ்காரர்களுக்கு ரோமானியர்கள் வைத்த பெயர். லெபனான் கரையிலிருந்து வந்த ஃபினீஷியர்களின் வழிவந்தவர்கள், பக்கா வியாபாரிகள். கி.மு. 201-ல் போரில் தோற்று, 10,000 தாலந்து வெள்ளியை 50 வருடத் தவணையில் நஷ்டஈடாகக் கட்ட ஒப்புக்கொண்டார்கள். பத்தே வருடத்தில், கி.மு. 191-ல், மொத்தப் பாக்கியையும் ஒரே தடவையில் கட்டிவிடுகிறோம் என்றார்கள். ரோம் வாங்க மறுத்துவிட்டது! காமர்ஸ் படிக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம். பணம் தேவைப்பட்டவன் வாங்கியிருப்பான். கடனாளி தேவைப்பட்டவன்தான் மறுப்பான். கடைசித் தவணை முடிந்த ஓரிரு வருடத்தில், கி.மு. 149-ல், ரோமின் படை வந்து இறங்கியது. கி.மு. 146-ல் ஊர் எரிந்தது. சரணடைந்தவர்கள் சுமார் 50,000 பேர் என்கிறார் அப்பியன். விற்றார்கள், அடிமைகளாக.

மண்ணில் உப்பு தூவினார்கள் என்று கைடுகள் சொல்லும் கதைக்கு, பழைய ஆசிரியர் ஒருவரிடம்கூட ஆதாரம் இல்லை. உப்புக்குத் தேவையும் இருக்கவில்லை. நூறு வருடம் கழித்து அதன் மேலேயே தங்கள் ஊரைக் கட்டினார்கள், அதுவே போதுமாக இருந்தது. பிர்சா குன்றின் உச்சியைச் சீவிச் சமதளமாக்கியபோது சரிவில் இருந்த பியூனிக் வீடுகள் மண்ணுக்குள் போயின. வேடிக்கை என்னவென்றால், புதைத்ததால்தான் அவை தப்பின. இன்று அகழ்ந்தெடுத்த அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கலாம், நடுநடுவே ரோமானிய அஸ்திவாரத் தூண்களோடு. கீழே 220 போர்க்கப்பல்களுக்கு இடம் இருந்ததாக அப்பியன் எழுதிய வட்டத் துறைமுகம், பங்களாக்களுக்கு நடுவே ஒரு குளம் போலக் கிடக்கிறது. அரை நாள் திட்டக்காரர்கள் கார் கண்ணாடி வழியாக அதைக் கடந்து போவார்கள்.

இதைவிடப் பெரிய அநியாயம் கெர்குவானை விடுவது. போன் முனையில், கெலிபியாவைத் தாண்டி, கடல் விளிம்பில் இருக்கிறது. கி.மு. 250 வாக்கில், முதல் பியூனிக் போரின்போது, மக்கள் விட்டுவிட்டுப் போன ஊர். ரோமானியர்கள் அதன்மேல் எதையும் கட்டவில்லை. 1952-ல் கண்டுபிடித்தார்கள். 1985-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ரோமின் கை படாமல் முழு ஊராக மிஞ்சிய பியூனிக் நகரம் இது ஒன்றுதான். ஊரின் பழைய பெயர்கூட யாருக்கும் தெரியாது.

"முழங்கால் உயரச் சுவர்தானே, அங்கே என்ன பார்க்க இருக்கிறது?" என்பார்கள். குளியல் தொட்டி இருக்கிறது. சிரிக்க வேண்டாம் :-) சிவப்புச் சாந்து பூசி, உட்கார்ந்து குளிக்கத் திண்டு வைத்த தொட்டி, ஏகப்பட்ட வீடுகளில். ரோமானியன் ஊர்கூடிக் குளித்தான், பெருமைக்கு மண்டபம் கட்டினான். இவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தார்கள். ஒரு வீட்டுத் தரையில் தானித் தெய்வத்தின் குறி, வெள்ளைக் கல் பதித்துப் போட்டது. கிட்டத்தட்ட ஒரு கோலம். உயரத்தை வைத்துச் சிதைவுகளுக்கு மார்க் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

எல் ஜெம் போகவே கூடாது என்பதில்லை. கி.பி. 238 வாக்கில் கட்டிய, சுமார் 35,000 பேர் உட்காரக்கூடிய அரங்கம். அதைப் பார்த்து அசராதவன் கல். ஆனால் அந்தப் பணம் ஆலிவ் எண்ணெயில் வந்தது. அந்த மண்ணில் விவசாயத்தை எழுதி வைத்தவன் மாகோ என்ற கார்த்தேஜ்காரன், 28 தொகுதிகளில். நகரத்தை எரித்த அதே ரோமின் செனட், அந்த நூலை மட்டும் லத்தீனில் பெயர்க்க உத்தரவிட்டது. மற்ற புத்தகங்களை நுமிடிய அரசர்களுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். இன்று மாகோவின் மூலமும் இல்லை, பெயர்ப்பும் இல்லை.

ஆக, திட்டத்தைத் தலைகீழாகப் போட வேண்டும். முதல் நாள் முழுக்கக் கெர்குவான் (நிழல் குறைவு, காலையிலேயே போய்விடுவது நல்லது). துனிஸிலிருந்து கெலிபியா வரை லுவாஜ் எனும் ஷேர் டாக்ஸி, அங்கிருந்து வேறு வண்டி. மறுநாள் பிர்சா வீடுகளும் துறைமுகமும், குளியல் மண்டபம் சாயங்காலத்துக்கு. மூன்றாம் நாள் டூக்கா. எல் ஜெம் கடைசியில்.

டூக்காவில் எல்லோரும் ரோமானியக் கோவிலின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் 21 மீட்டர் உயரத்தில் ஒரு கல்லறைக் கோபுரம், கி.மு. 2ஆம் நூற்றாண்டு. பியூனிக்கிலும் லிபிய மொழியிலும் எழுதிய கல்வெட்டு அதில் இருந்தது. படிக்க முடியாமல் கிடந்த லிபிய எழுத்துக்குச் சாவி கொடுத்த கல் அது. துனிஸில் பிரிட்டிஷ் கான்சலாக இருந்த தாமஸ் ரீட் 1842-ல் அதை எடுப்பதற்காகக் கோபுரத்தையே பிரித்துப் போட்டார். 1908-10-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோபுரத்தைத் திரும்ப அடுக்கி நிறுத்தினார்கள். கல்வெட்டு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டுமென்றால் தனியாக இன்னொரு விமான டிக்கெட், இன்னொரு விசா.