வீட்டுக் கணினியில் அலுவலக மென்பொருள்

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, இலங்கையின் அலுவலகங்கள் பலவும் ஒரே இரவில் ஊழியர்களின் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. அலுவலகம் வழங்கிய மடிக்கணினி வாய்க்கப்பெற்றவர்கள் சிலரே. ஏனையோர் பிள்ளைகளின் இணையவழி வகுப்புக்கும் தமது பணிக்கும் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொண்டனர். நிறுவனத்தின் பெயரில் பெறப்பட்ட மென்பொருட்கள் அந்தக் கணினிகளில் அவசரம் அவசரமாக நிறுவப்பட்டன. ஊரடங்கு நீங்கிற்று, மென்பொருட்கள் பல வீடுகளில் தங்கிவிட்டன. அவற்றை யார், எப்போது நீக்குவது, நீக்கும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அன்று எழுதிவைத்த நிறுவனங்கள் மிகச் சிலவாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

வாசகர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். நிறுவனம் பணம் செலுத்திப் பெறுவது மென்பொருளை அல்ல. அதைப் பயன்படுத்துவதற்கான அனுமதியை மட்டுமே. ஊழியர் விலகிச் சென்றால் அந்த அனுமதியை மீளப்பெற்று, அவருடைய இடத்துக்கு வருபவருக்கு வழங்குவது நிறுவனத்தின் நியாயமான உரிமை. ஆளுக்கு இவ்வளவு என மாதந்தோறும் டொலரில் கட்டணம் செலுத்தும் ஒரு நிர்வாகியிடம், போனவரின் கணக்கையும் தொடர்ந்து பேணுங்கள் என்று கூற எவராலும் முடியாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. ஆகவே அனுமதி முடிந்த பின்னரும் எப்படியாவது பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. அனுமதி நிறுவனத்தினுடையது, கணினியோ ஊழியருடையது. அதில் உள்ள கோப்புகளோ பாதி அவருடையவை, பாதி நிறுவனத்தினுடையவை.

எனக்கு நன்கு அறிமுகமான பக்க வடிவமைப்பாளர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். பத்திரிகையின் பெயர் வேண்டாம். அவர் பேஜ்மேக்கர் காலத்தில் தொழில் பழகி, பின்னர் இன்டிசைனுக்கு மாறியவர். வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக அவருடைய சொந்தக் கணினியில் அலுவலகக் கணக்கின் ஊடாக அந்த மென்பொருள் நிறுவப்பட்டது. பதவி விலகல் கடிதம் கொடுத்த அன்று மாலையே கணக்கு மூடப்பட்டுவிட்டது. கணினியில் இருந்த கோப்புகள் எதுவும் அழியவில்லை. ஆனால் அவற்றைத் திறப்பதற்கு வழியில்லை. ஊர்க் கோயிலுக்காகச் சம்பளமின்றி அவர் வடிவமைத்துக் கொண்டிருந்த கும்பாபிஷேக மலரும் அவற்றுள் ஒன்று. நிறுவனத்தின் மேகச் சேமிப்பகத்தில் இருந்தவையோ கண்ணுக்கே தென்படவில்லை.

அலுவலக அனுமதியைக் கொண்டு கோயில் மலரைச் செய்தது சரியா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். ஆயினும் அது கூடாதென்று அவரிடம் எவரும் ஒருபோதும் கூறியதில்லை. ஒரு வாரம் முன்கூட்டியே அறிவித்திருந்தால், கோப்புகளைப் பிற மென்பொருட்களும் திறக்கக்கூடிய வடிவத்தில் மாற்றி எடுத்திருப்பார். நிறுவனத்துக்கு ஒரு சதமும் நட்டம் ஏற்பட்டிராது.

இந்த விடயத்தில் எல்லா மென்பொருட்களும் ஒரே வகையாக நடப்பதில்லை. மைக்ரோசொஃப்ட் 365 இன் பொதுவான வணிகத் திட்டங்களில் ஒரு பயனர் ஐந்து கணினிகள் வரை ஒஃபிஸ் செயலிகளை நிறுவிக்கொள்ளலாம். அனுமதி நீக்கப்பட்டால் சில நாட்களில் அவை முடங்கும். பழைய ஆவணங்களைப் பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த இயலாது. நிறுவனத்தின் சொந்த வழங்கியைக் கொண்டு செயற்படுத்தப்படும் பிரதிகளோ 180 நாட்களுக்குள் ஒருமுறையேனும் அந்த வலையமைப்புடன் தொடர்புகொண்டாக வேண்டும். வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இருந்துகொண்டு கொழும்புத் தலைமையகத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வந்துபோகும் ஒருவரின் கணினியில் இத்தகைய பிரதியை நிறுவுவது, பின்னால் வரும் தொல்லையை இன்றே பொதிசெய்து கொடுப்பதற்கு ஒப்பாகும். ஆளின் பெயரில் வழங்கி, ஆள் விலகும்போது மீளப்பெறும் முறையே வீட்டுக் கணினிக்கு ஏற்றது.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அனுமதிகளைக் கண்காணிக்கிறோம் என்று கூறி, ஊழியரின் கணினி முழுவதையும் நிறுவனத்தின் முகாமைத்துவ மென்பொருளின் கீழ்க் கொண்டுவரும் வழக்கம் பரவிவருகிறது. இத்தகைய பதிவு முழுமையாகச் செய்யப்பட்டால், என்னென்ன நிறுவப்பட்டுள்ளன என்பதைத் தொலைவிலிருந்தே பார்க்கலாம். சில ஏற்பாடுகளில் கணினியையே துடைத்தழிக்கலாம். ஒரு வங்கி எழுதுவினைஞருக்கு இது சங்கடம். ஒரு பத்திரிகையாளருக்கு இது ஆபத்து. எமது கணினிகளில் செய்தி தந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பெயர் வெளிவந்தால் உயிருக்கே உலை வைக்கும் காலமொன்றை இந்த நாட்டின் தமிழ்ப் பத்திரிகையாளர்கள் கடந்துவந்திருக்கிறார்கள். ஒரு சொற்செயலியின் அனுமதியைச் சரிபார்ப்பதற்காக அந்தப் பெட்டகத்தின் சாவியை அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டுமா? ஒப்படைக்கக்கூடாது என்பதே என் திடமான கருத்து. அலுவலகச் செயலியையும் அதிலுள்ள தரவையும் மட்டும் தனியாக நிருவகித்து, அவற்றை மட்டும் நீக்கும் வசதி இன்று உண்டு. உலாவியிலேயே வேலை செய்யும் செயலிகளும் உண்டு. இவை போதாதென்று நிறுவனம் கருதுமாயின், அது தன் பணத்தில் கணினியொன்றை வாங்கிக் கொடுக்கட்டும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேற்பட்ட தனிப்பட்ட தரவுகளைத் திரட்டுவதற்கு வரம்பிடுகிறது. முகாமைத்துவ மென்பொருளை நிறுவச் சொல்லும் அதிகாரிகள் அதை ஒருமுறையேனும் வாசிப்பது நன்று.

இனி, எவரும் பேசாத ஒரு கூட்டத்தினரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரதேச நிருபர்கள். பலருக்கு நியமனக் கடிதமே கிடையாது. வெளிவந்த செய்திக்கு இவ்வளவு எனக் கொடுப்பனவு. அவர்களுடைய மடிக்கணினியில் உள்ள மென்பொருள் எங்கிருந்து வந்தது என்று தலைமையகம் கேட்பதில்லை. கேட்டால் வாங்கிக் கொடுக்க நேரிடுமே! புலமைச் சொத்துச் சட்டமோ, உரிமை மீறிய பிரதியென அறிந்தும் வர்த்தக இலாபத்துக்காகப் பயன்படுத்துபவரைக் குற்றவாளியாகக் காண்கிறது. இலாபம் பத்திரிகைக்கு, ஆபத்து நிருபருக்கு. லிப்ரே ஒஃபிஸ் போன்ற கட்டணமற்ற மென்பொருள் இருக்கிறதே எனலாம். உண்மை; யுனிகோட் தமிழில் எழுதுவதற்கு அது தாராளமாகப் போதும். ஆனால் செய்தியைப் பாமினி எழுத்துருவில், வேர்ட் கோப்பாகவே அனுப்ப வேண்டும் என அடம்பிடிக்கும் ஆசிரியபீடங்களை நான் அறிவேன். யுனிகோட் செய்தியை மனமுவந்து ஏற்பதாக அந்த ஆசிரியபீடங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், நிருபர்களில் பாதிப்பேருக்காவது அனுமதியே தேவைப்படாது. மீதிப்பேருக்கு நிறுவனம் தன் பட்டியலில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.