செங்கல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?



தாமரை இலையில் விழுந்த தண்ணீர் உருண்டு ஓடுகிறது. செங்கல்லில் விழுந்த தண்ணீர் போன இடமே தெரிவதில்லை. இரண்டும் ஒரே தண்ணீர்தான். செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். சுட்ட மண்ணில் தண்ணீர் நன்றாக ஒட்டுவதால், துளைகளின் வழியே தானாகவே ஏறிவிடுகிறது. இதைத்தான் இயற்பியலில் நுண்புழை ஏற்றம் என்று படித்தோம். படித்தோம், மார்க் வாங்கினோம், மறந்தும் விட்டோம்!

எங்க அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. உத்திரமேரூர் சுத்துப்பட்டு கிராமங்களில் பல வருஷமாகச் சித்தாள் வேலை. "கல்லைத் தொட்டியில போட்டா குமிழி வரும். குமிழி நின்ன பிறகுதான் எடுக்கணும்" என்பார். தண்ணீர் உள்ளே போகப் போக, துளையிலிருந்த காற்று வெளியே வருவதுதான் அந்தக் குமிழி. காய்ந்த கல்லை அப்படியே வைத்தால், கலவையிலிருக்கும் தண்ணீரை அது உறிஞ்சிவிடும். சிமெண்ட் இறுகத் தண்ணீர் வேண்டாமா? இணைப்பு பலமில்லாமல் போகும். காரணம் அம்மாவுக்கும் அனுபவத்தில் தெரியும். ஆனால் எவ்வளவு குடித்தது என்று எண்ணில் சொல்வது நம்மைப் போன்றவர்கள் வேலை.

அதற்குத்தான் ஐ.எஸ். 3495 சோதனை. கல்லை 105 முதல் 115 டிகிரி சூட்டில், எடை மாறாத வரை உலர்த்தி, ஆறவைத்து எடை போட வேண்டும். 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, எடுத்துத் துடைத்து, 3 நிமிடத்துக்குள் மீண்டும் எடை. 3 கிலோ கல் 3.540 கிலோ ஆனால், குடித்தது 18 சதவீதம். 12.5 வகுப்பு வரையுள்ள கல்லுக்கு 20 சதவீதம்தான் உச்ச வரம்பு. அதற்கு மேற்பட்ட வகுப்புக்கு 15.

ஒரு மணி நேரம் ஊறினால் போதாதா என்று கேட்கலாம். துளைக்குள் தண்ணீர் செல்லும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1921-லேயே வாஷ்பர்ன் கணக்கிட்டுச் சொன்னார். இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் வேண்டும். அவசரப்பட்டால் அளவு பொய் சொல்லும்.

ஆனால் நம்ம லேபில் நடப்பது என்ன? போன வருஷத்து அண்ணன் ரெக்கார்டு நோட்டிலிருந்து இந்த வருஷ ரீடிங் பிறக்கிறது! கல் நனையாமலேயே சதவீதம் வந்துவிடுகிறது. "தட்டிப் பார்த்தா கணீர்னு சத்தம் வரணும், அது போதும்" என்கிறார்கள் சிலர். அந்தச் சத்தம் நல்ல அடையாளம்தான், மறுக்கவில்லை. ஆனால் சத்தத்தை வைத்துக்கொண்டு லாரிக்காரரிடம் "இந்த லோடு வேண்டாம்" என்று வாதாட முடியுமா? எண் இருந்தால் முடியும்.

இது வெறும் மார்க் விஷயமல்ல. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு அரசு தருவது மூன்றரை லட்சம் ரூபாய். குடிசையிலிருந்து முதன்முதலாகச் செங்கல் சுவருக்கு மாறும் குடும்பங்கள் அவை. மட்டமான கல் வந்தால் சுவர் ஓதம் ஏறும், பூச்சு உதிரும். திரும்பக் கட்ட அவர்களிடம் ஏது காசு?

நம்ம ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். கால் வேலி நிலம் வேண்டும். கணக்குக் காட்டாதவர் நிற்கவே கூடாது. சபைக்கு ஆள் எடுக்கவே இத்தனை சோதனை வைத்த ஊரில், சுவருக்குக் கல் எடுக்க ஒரு சோதனை வேண்டாமா?

என் யோசனை இதுதான். நம்ம மாணவர் சங்கம் கல்லூரி முதல்வரிடம் கேட்டு, மாதம் ஒரு சனிக்கிழமை லேபைத் திறந்து வைக்க வேண்டும். வீடு கட்டும் ஊர்களிலிருந்து ஆளுக்கு ஐந்து கல் கொண்டு வருவோம். அடுப்பு, தராசு, தொட்டி எல்லாம் இங்கேயே இருக்கிறது. வேண்டியது 24 மணி நேரப் பொறுமைதான். வந்த முடிவை ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுப்போம்.

தோழர்களே! நம்மைப் படிக்க வைத்தவர்கள் கல் சுமந்தவர்கள். அந்தக் கல்லின் தரத்தையாவது நாம் சரியாகச் சொல்வோம். சோதிப்போம், பிறகு சாதிப்போம்!

— சிவில் பிரிவு, இரண்டாம் ஆண்டு