ஆம்பை மாத்தாதீங்க, ரூமைப் பாருங்க

வயல் சமாச்சாரம் படிக்க வர்றவங்க இந்த ஒரு தடவை பொறுத்துக்கணும். மெட்ராஸ்ல மயிலாப்பூர், தி.நகர், அடையாறுன்னு எங்க சொந்தக்காரங்க வீடு மூணு இருக்கு. மூணு வீட்லயும் கிடார் வாசிக்கிற பிள்ளைங்க. மூணு பேருக்கும் ஒரே குறை: "சத்தம் கொழகொழன்னு வருது, வேற ஆம்ப் வாங்கணும்." நான் சொல்றது, ஆம்ப் மேல தப்பில்ல, ரூம் மேலதான். புது ஆம்புக்குப் போடுற காசுல கால்வாசி கூட வேண்டாம், அந்த ரூமைச் சரி பண்ண.

உழுறவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. அறுப்புக்கு முன்னாடி காலியா கிடக்கிற நெல் குடோன்ல நின்னு யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. நாலு பேர் சேர்ந்து கத்தின மாதிரி இருக்கும். மூட்டை அடுக்கின பிறகு அதே இடத்துல கூப்பிடுங்க, காதோரம் சொன்ன மாதிரி இருக்கும். சுவரும் அதே, குரலும் அதே. நடுவுல சாக்கும் நெல்லும் வந்து உக்காந்திருக்கு, அவ்வளவுதான்.

இப்ப உங்க ஃபிளாட் ரூமைப் பாருங்க. பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடிக்குக் கிட்ட. கீழ பளபளன்னு டைல்ஸ், நாலு பக்கமும் சிமெண்ட் பூச்சு, ஒரு கண்ணாடி ஜன்னல். மயிலாப்பூர் பழைய வீட்ல முற்றம் இருந்துச்சு, தூண் இருந்துச்சு, பாதி சத்தம் வானத்துக்குப் போயிடும். இந்தப் பெட்டிக்குள்ள அது எங்க போகும்?

தொட்டித் தண்ணியைக் கையால ஆட்டிப் பார்த்திருப்பீங்க. எப்படி ஆட்டினாலும் கொஞ்சம் அலையும், ஒரு குறிப்பிட்ட தாளத்துல ஆட்டும்போதுதான் கரை தாண்டி வழியும். சத்தமும் அப்படித்தான். மெட்ராஸ் வெக்கையில நொடிக்கு சுமார் 350 மீட்டர் ஓடுது. பத்தடி இடைவெளியில ரெண்டு சுவத்துக்கு நடுவுல போய் மோதித் திரும்பினா கணக்கு 57 ஹெர்ட்ஸ் வருது. அதுக்கு இரட்டிப்பு 114. கிடார்ல அஞ்சாம் கம்பி, ஏ கம்பின்னு சொல்றாங்களே, அது 110. பக்கத்துப் பக்கத்துல வந்துடுச்சா? அதான் மத்த கம்பியெல்லாம் ஒழுங்கா இருக்க, அது மட்டும் பூதம் மாதிரி உறுமுது. நீளம், அகலம், உயரம் மூணும் ஒரே அளவா இருந்தா மூணு திசையிலயும் அதே சுருதி சேர்ந்து அடிக்கும். ஆம்பை மூலையில தள்ளி வச்சா இன்னும் மோசம்.

முதல்ல ஆம்பை மூலையை விட்டு எடுங்க. நீங்களும் ரூமுக்கு நட்டநடுவுல உக்காராதீங்க, அந்த உறுமல் சுவரோரத்துலயும் நடுவுலயும்தான் குவியுது. சுவத்துலேர்ந்து ரெண்டரை அடி, அதாவது கால்வாசி தூரம் தள்ளி உக்காந்தா அது நல்லா அடங்கும். டேப் வச்சு அளந்து உக்காந்து பாருங்க, பைசா செலவில்ல.

அடுத்து, தரையில இருக்கிற ஆம்ப் உங்க கணுக்காலைப் பார்த்துப் பாடிக்கிட்டு இருக்கு. கீச்சுச் சத்தம் நேராப் போற ஜாதி, காதுக்கு வராது. உடனே பிள்ளைங்க ட்ரெபிள் குமிழைத் திருகுது, எதிர்ல உக்காந்திருக்கிற பாட்டிக்குக் காது கிழியுது. ஒரு ஸ்டூல் மேல ஏத்தி, கீழ தடிச்ச ரப்பர் மேட் போட்டா காதுக்கும் நேராகும், கீழ் வீட்டுக்கு இறங்குற அதிர்வும் குறையும்.

இந்த ஃபோம் ஒட்டுற வியாபாரத்துல எனக்கு நம்பிக்கையே இல்ல. ஒரு அங்குல ஃபோமும் முட்டை அட்டையும் கீச்சை மட்டும் தின்னும். 110 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் பத்தடிக்கு மேல, அது அந்த ஃபோமை மதிக்கவே மதிக்காது. ரூம் முழுக்க ஒட்டினீங்கன்னா, போர்வைக்குள்ள பேசுற மாதிரி ஆகிடும், உறுமல் அப்படியே நிக்கும். தடிமன்தான் வேணும். பழைய இலவம்பஞ்சு மெத்தை ரெண்டை மூலையில சுவத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிமிர்த்தி வைங்க. கீழ ஜமுக்காளம், ஒரு பக்கம் நெருக்கி அடுக்கின புத்தக அலமாரி. வெளிய சத்தம் போறது வேற கணக்கு. வரப்புல ஒரு எலி வளை போதும், ராத்திரிக்குள்ள தண்ணியெல்லாம் பக்கத்து வயலுக்குப் போயிடும். கதவுக்கு அடியில இருக்கிற அரை அங்குல இடுக்கும் அதேதான், ரப்பர் பட்டை வச்சு அடைங்க.

நாகஸ்வரம் தெருவுக்குன்னே செஞ்ச வாத்தியம். கபாலி கோயில் மாட வீதியில அறுபத்துமூவர் அன்னிக்குக் கேக்க அமிர்தமா இருக்கும், அதையே படுக்கையறையில வாசிச்சா யார் தாங்குவா? 100 வாட் ஆம்பும் மேடைக்குச் செஞ்சது. அதுவும் 10 வாட்டை விட நம்ம காதுக்கு ரெண்டு மடங்குதான் பெருசாக் கேக்கும், பத்து மடங்கு இல்ல. வீட்டுக்கு அஞ்சு வாட்டே தாராளம்.

"கரண்ட் வாத்தியமெல்லாம் சங்கீதமா?"ன்னு கேக்குற பெரியவங்களுக்கு ஒண்ணு. 2014-ல 45 வயசுல போய்ச் சேர்ந்தாரே மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ், அவர் வாசிச்சது கரண்ட் மாண்டலின்தான். சின்னப் பையனா அதைத் தூக்கிட்டு வந்து சபா சபாவா வாசிச்சவர்.

இவ்வளவும் நான் எழுதக் காரணம் அடையாறு வீடு. அக்கா மகனுக்குப் பதினாறு வயசு. அடுக்குமாடி சங்கத்துக்காரங்க கிடாரையே எடுக்கக் கூடாதுன்னு தாள் அனுப்பியிருக்காங்க. அதே கட்டடத்துல மிக்ஸி ஓடுது, போர் மோட்டார் ஓடுது, ஞாயித்துக்கிழமையானா யாராவது சுவத்துல டிரில் போடுறாங்க, அதுக்கெல்லாம் தாள் இல்ல. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10-லேர்ந்து காலை 6 வரைக்கும் 45 டெசிபல்னு அளவு வச்சிருக்கு. அளவுதான் வச்சிருக்கு, வாசிக்கவே கூடாதுன்னு சொல்லல.

"மாமா, வித்துடலாம்னு இருக்கேன்"னான். வேண்டாம் மாப்ள, முதல்ல மெத்தையை நிமிர்த்தி வை, கதவை அடை. அப்புறம் கீழ் வீட்டுக்காரம்மா கிட்டக் கேட்டுக்கிட்டு அவங்க ஹால்ல போய் உக்காரு, உன் தங்கச்சியை மேல வாசிக்கச் சொல்லு. அவங்களுக்குத் தொந்தரவில்லாத அளவுல குமிழ்ல ஒரு பேனாக் கோடு போட்டுக்க. சாயந்திரம் அஞ்சரையிலேர்ந்து ஏழு வரைக்கும், அந்தக் கோட்டைத் தாண்டாம.